பச்சையப்பன் வயிற்றில் இறங்கிய பால்

ஜூலை 1, செவ்வாய்

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு மழை. குடை பஸ்ஸோடு போய்விட்டது.

எந்த வருஷம் என்று பின்னால் மறந்துபோனால்: டுரியான் ரோட்டோரத்தில் கேட்பாரில்லாமல் குவிந்து கிடந்த வருஷம். ஈப்போவில் எங்கள் புந்தோங் ஃப்ளாட்டில் சீனப் பெருநாளுக்கு நின்ற லிஃப்ட் இன்னும் ஓடாத வருஷம். வட்டாரக் கோயில் தேரின் அச்சு ஒடிந்து, சாமியை லாரியில் ஏற்றி ஊர்வலம் விட்ட வருஷம். பச்சையப்பனின் வயிற்றைத் திறந்து ஒரு முழம் குடலை வெட்டி எடுத்த வருஷம்.

பச்சையப்பன் என் பெண்டாட்டி தனத்தின் தம்பி. எனக்கு எழுபத்தாறு, அவனுக்கு எழுபத்திரண்டு. சுங்கை சிப்புட் பக்கம் ஒன்பதாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் ஒரே லயம், பன்னிரண்டு வீட்டு வரிசை. நான் ஐந்தாம் வீடு, அவன் பன்னிரண்டாம் வீடு. ரெண்டு பேரும் ரப்பர் மரத்தில் பால்வெட்டு. அக்கா புருஷன் என்று ஒரு நாளும் எனக்கு ‘வாங்க’ போட்டதில்லை. தனம் போய் ஆறு வருஷம். அவன் சம்சாரம் அதற்கும் முன்னால். அதிலிருந்து ஒரே ஃப்ளாட். சமையல் நான். குறை சொல்வது அவன்.

இனி ப. என்று எழுதுகிறேன். பெயர் நீளம், கைக்கு ஆகவில்லை.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ரெண்டாம் வகுப்பு. பிறகு ஆடு மேய்த்தேன், பிறகு மரம். தமிழைக் கூட்டி எழுதுவேன். மலாய், இங்கிலீஷ் பேச வரும், படிக்க வராது. கட்டில் காலில் மாட்டியிருக்கும் பேப்பரில் நம்பர் மட்டும்தான் எனக்குப் புரிகிறது. அதனால்தான் இந்த நோட்டு. யாரும் பார்க்கப் போவதில்லை.

நோய்: முப்பது வருஷமாக வயிறு. வலி, பேதி, இளைப்பு. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சீதபேதி என்றார். ஒரு பூசாரி செய்வினை என்றார். ரெண்டு வருஷத்துக்கு முன் கேமரா விட்டுப் பார்த்துதான் பெயர் தெரிந்தது. குரோன். குடல் தானாக வீங்கிப் புண்ணாகிற நோய். ஒட்டாது, தீராது, அடக்கி வைக்கலாம். இந்த முறை ஓரிடம் தடித்து அடைத்தே விட்டது. வெள்ளிக்கிழமை வெட்டி ஒட்டினார்கள்.

வயிற்றின் பக்கவாட்டில் ஒரு குழாய். முனையில் பிளாஸ்டிக் பை. உள்ளே தேங்கும் நீர் அதில் இறங்குகிறது. நர்ஸ் மிஸ்ஸி காலையும் மாலையும் மில்லி கணக்கில் அளந்து கொட்டுகிறாள்.

கா. 90. மா. 70. சீனத் தேநீர் நிறம். தெளிவு.

‘குறைஞ்சுகிட்டே வந்தா குழாயை எடுத்துடலாம் தாத்தா’ என்றாள் டாக்டரம்மா. தமிழ்ப் பெண், தெலுக் இந்தான் பக்கம். ஆள் வருவதற்கு முன்னே குரல் வரும்.

ப. கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, எங்கள் தோட்டத்துக் கணக்கரைப் பற்றி: ‘கிராணி வீட்டு நாய் பேரு என்ன, மச்சான்?’

‘டைகர்.’

‘பொய். ஜிம்மி.’

‘டைகர் செத்தப்புறம் வந்ததுதான் ஜிம்மி.’

‘ஆமாலா.’

என் ஞாபகத்தை ஊரே மெச்சும். ஆனால் நான் சொல்வதைப் பொய் என்று சொல்ல இவன் ஒருத்தன்தான் பாக்கி. இவனும் போனால் நான் எதைச் சொன்னாலும் நிஜமாகிவிடும். அது பெரிய பயம்.

ஜூலை 2, புதன்

மேகம். மழை இல்லை. குடை கிடைக்கவில்லை.

ப.வுக்கு இன்று முதல் சாப்பாடு. ஆஸ்பத்திரிக் கஞ்சி. உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, ஒன்றுமில்லை.

‘இது சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு’ என்றான். ரெண்டு கரண்டி. தட்டைத் தள்ளிவிட்டான்.

அவன் கையைப் பார்த்தேன். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே பருமன். கரண்டிக் காம்பு.

‘அக்கா இருந்தா வெந்தயக் கஞ்சி வச்சுக் குடுத்திருக்கும்.’

இதை அவன் சொல்லியிருக்கக் கூடாது.

தனத்தின் வெந்தயக் கஞ்சி: பச்சரிசி, வெந்தயம், நாலு பல் பூண்டு, கடைசியில் முதல் தேங்காய்ப்பால். குடல் புண்ணுக்குத் தேங்காய்ப்பால் என்பது எங்கள் லயத்தில் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டிரஸ்ஸர் மருந்து கேட்காதபோதெல்லாம் ப.வை எழுப்பி நிறுத்தியது அதுதான்.

மிஸ்ஸியிடம் கேட்டேன், வீட்டுக் கஞ்சி கொண்டுவரலாமா என்று. மலாய்ப் பெண், சிரித்த முகம். வெறும் கஞ்சி என்றால் பரவாயில்லை என்றாள். எண்ணெய், சந்தான் ரெண்டும் கூடாது. சந்தான் என்றால் அவர்களுக்குத் தேங்காய்ப்பால்.

கா. 65. மா. 60. தெளிவு.

சந்தையில் தேங்காய் ஒன்று. துருவி வாங்காமல் முழுதாக. பிழிவதை நானே பிழிய வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

விடிந்ததும் மழை, பிறகு வெயில்.

ஃ

இந்த மூன்று புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நோட்டு வேறு யார் கையிலாவது சிக்கினால் தெரியக் கூடாது.

(சரி, எழுதிவிடுகிறேன். ஃபிளாஸ்க்.)

பன்னிரண்டரை மணி, பார்க்க வரும் நேரம். வாசலில் மிஸ்ஸி ஃபிளாஸ்க்கைப் பார்த்தாள். ‘புபோர் கோசோங், பாக்சிக்?’ வெறும் கஞ்சிதானே பெரியவரே என்று.

‘கோசோங், கோசோங்’ என்றேன். ரெண்டு தடவை. ஒரு தடவை போதாது என்று தோன்றியது.

திரையை இழுத்துவிட்டு மூடியில் ஊற்றினேன். ப. மூக்கைக் கிட்டே கொண்டுபோனான். மூன்று மூடி. கண்ணில் தண்ணீர். ‘பூண்டு கம்மி’ என்றான். அவ்வளவுதான், பழைய ஆள் வந்துவிட்டான்.

பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர் எட்டிப் பார்த்து மூக்கை உறிஞ்சினார். அவருக்கும் அரை மூடி. வாயடைக்க.

மா. 310.

வெள்ளை.

தெளிவு இல்லை, மஞ்சள் இல்லை. வெள்ளை. மரத்தில் கட்டின மங்கிலிருந்து வாளியில் ஊற்றின கித்தாப்பால், ரப்பர்ப் பால் மாதிரி. மிஸ்ஸி பையைத் தூக்கி விளக்கில் காட்டினாள். சிரிப்பு போய்விட்டது. நடக்கவில்லை, ஓடினாள்.

சீனக் கிழவர் முன்னாளில் கித்தா வாங்கி விற்றவராம். ‘அடே, சூசு கெத்தா!’ என்றார், கித்தாப்பால் என்று. யாரும் சிரிக்கவில்லை, ப.வைத் தவிர.

‘மச்சான், என் வயித்துல பால் வெட்டுறானுங்க. கங்காணியைக் கூப்பிட்டு எடை போடச் சொல்லு.’

ஜூலை 4, வெள்ளி

வெயில். தலைவலி.

டாக்டர்கள் ஐந்து பேர் கட்டிலைச் சுற்றி. பெரிய டாக்டர் சீனர், மெதுவாகப் பேசுவார். சீழ் என்று ஒரு சந்தேகம். ஒட்டின இடம் பிரிந்துவிட்டதோ என்று இன்னொரு சந்தேகம். பை நீரைச் சின்னக் குப்பியில் எடுத்துப் போனார்கள், கிருமி இருக்கா பார்க்க. வாய்வழி எதுவும் கூடாது. கையில் ஏற்றும் சொட்டு நீர் மட்டும்.

நான் குனிந்து பையை மோந்து பார்த்தேன். மிஸ்ஸி அதட்டினாள். சீழ் நாற்றம் எனக்குத் தெரியும், முப்பது வயசில் கால் புண்ணோடு நாலு மாசம் கிடந்தவன். இது நாறவில்லை. ஒரு வாசனையும் இல்லை. இதை யாரிடம் சொல்வது?

டாக்டரம்மா என்னை நடைபாதைக்குக் கூட்டிப்போனாள். ‘ஒட்டு பிரிஞ்சிருந்தா மறுபடியும் திறக்கணும் தாத்தா. அவர் இருதயம் எவ்வளவு வீக்குன்னு உங்களுக்குத் தெரியும்.’

தெரியும். மயக்க மருந்து கொடுக்கிறவர் போன தடவையே சொன்னார், இந்த ஒரு முறை தாங்கும், இன்னொரு முறைக்குத் தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்று.

கா. 240, வெள்ளை. மா. 150, மோர்த் தண்ணி.

குடை கிடைத்தது. பஸ் டிரைவர் எடுத்து வைத்திருந்தார்.

ஜூலை 5, சனி

கா. 90. மா. 70. தெளிவு!

ஒன்றும் சாப்பிடவில்லை, தானாகத் தெளிந்துவிட்டது. கிருமியும் இல்லை என்று வந்ததாம். டாக்டரம்மா தலையைச் சொறிந்தாள். அவள் சொறிந்தது எனக்குப் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று காட்டுகிற டாக்டர்.

பக்கத்து வீட்டுப் பூனை என் செருப்பில் குட்டி போட்டிருக்கிறது. பழைய செருப்போடு போனேன்.

ஜூலை 6, ஞாயிறு

கலா ஜொகூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். ப.வின் ஒரே மகள். கையுறை ஃபேக்டரியில் வேலை. வந்ததும் அழுகை, பிறகு அப்பன் தலையை வாரிவிட்டாள்.

மறுபடியும் ஆஸ்பத்திரிக் கஞ்சி ஆரம்பம். கலா ஊட்டினாள். மகள் ஊட்டினால் சுண்ணாம்பும் இறங்குகிறது.

கா. 60. மா. 60. தெளிவு.

‘மாமா, நீங்க எளச்சுட்டீங்க’ என்றாள் என்னை. நான் இளைக்கவில்லை. சட்டை ப.வுடையது, அவன் என்னைவிட நெட்டை.

ஜூலை 7, திங்கள்

ஃ

என்னை நானே அடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவன் கேட்டான். ‘நாளைக்குச் செத்தா சுண்ணாம்பு குடிச்சிட்டா சாவறது? ஒரே ஒரு மூடி, மச்சான்.’ கலா வந்த களைப்பில் வீட்டில் தூக்கம். கஞ்சி வைத்துக்கொண்டு போனேன்.

‘கோசோங், பாக்சிக்?’

‘கோசோங்.’

ரெண்டு மூடி குடித்தான். பூண்டு சரியாக இருக்கிறது என்றான். அவன் வாயிலிருந்து அது வர ஐம்பது வருஷம் ஆயிற்று.

மா. 420. வெள்ளை.

பெரிய டாக்டர் ஆறு மணிக்கு வந்தார். உட்கார்ந்து பேசினார். டாக்டர் உட்கார்ந்தால் நல்ல சேதி இல்லை. சாப்பாடு ஆரம்பித்தால் வெளுக்கிறது, நிறுத்தினால் தெளிகிறது. உள்ளே எங்கோ ஓட்டை இருக்கணும். புதன் காலை திறந்து பார்க்கலாம் என்றார். கலா கையெழுத்துப் போட்டாள்.

ப. என்னைப் பார்த்தான். ‘மச்சான், எட்டாம் வீட்டு ராமாயி சேவல் என்ன நிறம்?’

‘கருஞ்சிவப்பு.’

‘சரி’ என்றான். முதல் தடவையாக ‘பொய்’ என்று சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பெரிய மழை. எழுத நிறைய.

காலையில் ஃபிளாஸ்க்கைக் கழுவ எடுத்தேன். நேற்று கழுவாமல் விட்டது. அடியில் அரை மூடி மிச்சம். சாய்த்துப் பார்த்தால் மேலே தடித்த வெள்ளை, கீழே தெளிந்த நீர். தேங்காய்ப்பால் நின்றால் அப்படித்தான் பிரியும்.

நேற்று மாலை மிஸ்ஸி வர நேரமாகி, பை கொஞ்ச நேரம் அப்படியே தொங்கியது. அதிலும் மேலே ஒரு விரல் தடிப்பு ஏடு. கீழே தெளிவு.

தண்ணீரை ஓடவிட்டுவிட்டு நோட்டை எடுத்தேன்.

3ஆம் தேதி ஃ, வெள்ளை. 7ஆம் தேதி ஃ, வெள்ளை. 4ஆம் தேதி வெளுத்தது முந்தின நாள் மிச்சம். மற்ற நாள் ஃ இல்லை, வெள்ளையும் இல்லை. ஆஸ்பத்திரிக் கஞ்சி குடித்த ரெண்டாம் தேதியும் ஆறாம் தேதியும் தெளிவு. சாப்பாடு இல்லை குற்றம். என் கஞ்சி.

உட்கார்ந்துவிட்டேன். நான்தான் அவனைக் கத்திக்கு அனுப்புகிறேன்.

பஸ்ஸில் இரண்டு முறை இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் என்ன ஆகும்? மிஸ்ஸி முகத்தில் எப்படி முழிப்பது? கலா என்ன சொல்வாள்? எல்லாம் ஓடியது. ஆனால் நாளைக்குக் காலை ஓடிவருகிறது, அது நிற்காது.

முதலில் ப.விடம் சொன்னேன். ‘நான் சொல்லிடப் போறேன்.’

‘சொன்னா கஞ்சியை நிறுத்திடுவானுங்க.’

‘சொல்லாட்டி உன்னையே நிறுத்திடுவானுங்க.’

திரும்பிப் படுத்துக்கொண்டான். ‘காட்டிக் குடுக்கற கங்காணி.’ இதைவிடப் பெரிய வசவு எங்கள் லயத்தில் இல்லை.

டாக்டரம்மா வந்தாள். ஃபிளாஸ்க்கை மேசையில் வைத்தேன். பக்கத்தில் நோட்டு.

‘அம்மா, அந்தப் பேப்பர்ல வெறும் கஞ்சின்னு போட்டிருப்பாங்க. அது பொய். நான் சொன்ன பொய். ரெண்டு நாளு தேங்காய்ப்பால் கஞ்சி குடுத்தேன். குடுத்த அன்னைக்குத்தான் வெளுத்துது. என்னைக்கு எத்தனை மூடின்னு சொல்றேன், கேளுங்க.’

சொன்னேன். மணி, மூடி, பூண்டுப் பல் முதற்கொண்டு. அவள் நோட்டை வாங்கி வாய்விட்டுப் படித்தாள். ‘இது என்ன தாத்தா, மூணு புள்ளி?’

‘அதுதான் ஃபிளாஸ்க்கு.’

மிஸ்ஸியும் நின்றிருந்தாள். தமிழ் தெரியாது, ஆனால் ஃபிளாஸ்க் புரிந்தது. ‘பாக்சிக் தீப்பு சாயா!’ என்னை ஏமாற்றிவிட்டீர்களே என்று. தலை நிமிரவில்லை எனக்கு.

டாக்டரம்மா கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த முறை எனக்குப் பயம் இல்லை, அவள் முகம் அப்படி இருந்தது.

‘தாத்தா, கழுத்துல, கவட்டியில நெறி கட்டும் தெரியும்ல?’

‘தெரியாம? கால் புண்ணு வந்தா கவட்டியில உருண்டு நிக்கும்.’

‘அந்த நெறியெல்லாம் தனித்தனியா இல்ல. ரத்தக் குழாய் மாதிரியே உடம்பு பூரா இன்னொரு குழாய் வலை ஓடுது. நிணநீர்க் குழாய். நெறிங்கிறது அதோட சந்திப்பு. உடம்புல தேங்கற நீரை வடிச்சுக்கிட்டுப் போறது அதுதான்.’

‘லோங்காங் மாதிரி.’ இங்கே சாக்கடைக்கு அதுதான் பேர்.

‘லோங்காங் மாதிரியேதான். ஆனா குடல்ல அதுக்கு இன்னொரு வேலை. சாப்பாட்டுல இருக்கற கொழுப்பு நேரா ரத்தத்துக்குப் போகாது. இந்தக் குழாய்லதான் ஏறும். கொழுப்பு ஏறினா அந்த நீர் பால் மாதிரி வெளுத்துடும். நெஞ்சு வழியா ஏறி கழுத்துகிட்ட ரத்தத்துல கலக்கும். உங்க வயித்துலயும் இப்ப ஓடுது, என் வயித்துலயும் ஓடுது.’

எழுபத்தாறு வருஷம். மரத்தில்தான் பால் ஓடுகிறது என்று நினைத்திருந்தேன்.

‘இந்த நோயில குடல் மட்டும் வீங்காது. குழாயும் வீங்கி, அடைச்சு, நெறியெல்லாம் பெருத்துடும். ஆபரேஷன்ல பார்த்தோம். அந்த வீங்கின குழாய்ல எங்கயோ ஒரு சின்னக் கீறல். கொழுப்பு இல்லாதப்ப கசியறது தெரியல. நீங்க தேங்காய்ப்பால் குடுத்தீங்க, காட்டிக் குடுத்துடுச்சு. அப்படித்தான் இருக்கணும். பரிசோதனையில தெரிஞ்சிடும்.’

நான் கேட்டேன்: ‘லோங்காங் அடைச்சு வீடு கெட்டுதா, வீட்டுக் குப்பை விழுந்து லோங்காங் அடைச்சுதா?’

அவள் சிரித்தாள். ‘பெரிய பெரிய ஆளுங்க அதைத்தான் ஆராய்ஞ்சுகிட்டு இருக்காங்க. முன்னெல்லாம் குடல் கெட்டதால குழாயும் கெடுதுன்னு நினைச்சாங்க. இப்ப, குழாய் சரியா வடியாததே குடலை மேல மேல கெடுக்குதோன்னு பாக்கறாங்க. இன்னும் முழுசா தெரியாது.’

குப்பி எடுத்தாள். இந்த முறை கிருமி பார்க்க இல்லை, கொழுப்பு பார்க்க.

‘கொழுப்புன்னு வந்தா?’

‘வந்தா திறக்க வேண்டாம். பட்டினி போட்டுக் கீறலை ஆற விடுவோம்.’

ப. முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னான்: ‘பட்டினி எனக்கில்ல டாக்டர், இந்தாளுக்குப் போடுங்க.’

ஜூலை 9, புதன்

கலாவும் நானும் ஏழு மணிக்கே. ப.வுக்குப் பச்சைச் சட்டை மாட்டித் தயாராக வைத்திருந்தார்கள். தள்ளுவண்டியும் பக்கத்தில். மழை வெளியே கொட்டுகிறது.

எட்டேகால். நடைபாதையில் குரல் முதலில் வந்தது. ‘கொழுப்பு! தாத்தா, கொழுப்பு! அத்தனையும் கொழுப்பு!’

ஒரு ஆளுக்குக் கொழுப்பு என்று சொல்லி இத்தனை பேர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

பெரிய டாக்டர் வந்தார். என் நோட்டைக் கேட்டார். தமிழ் தெரியாது, நம்பரையும் மூன்று புள்ளியையும் விரல் வைத்துப் பார்த்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கையை! பால்வெட்டுக் கத்தி பிடித்துக் காய்த்த கை. பிறகு ஒரு விரலை நீட்டி, இனிமேல் ஃபிளாஸ்க் இல்லை என்றார். இல்லை என்றேன். ஒரே தடவை சொன்னேன். நிஜத்துக்கு ஒரு தடவை போதும்.

தள்ளுவண்டி காலியாகத் திரும்பிப் போனது. அந்தச் சக்கரச் சத்தம் போலச் சங்கீதம் கேட்டதில்லை.

கலா எல்லாம் தெரிந்து என்னை ஒரு பார்வை. ‘மாமா, உங்க ரெண்டு பேரையும் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்.’ சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள்.

ஜூலை 12, சனி

கா. 70. மா. 50. கலங்கல் போய்விட்டது.

மாவுப் பால் கொடுக்கிறார்கள். அதில் வேறு வகைக் கொழுப்பாம். அது இந்தக் குழாயில் ஏறாமல் நேராக ரத்தத்தில் சேர்ந்து ஈரலுக்குப் போய்விடும். கீறலுக்கு ஓய்வு, ஆளுக்குத் தெம்பு.

டாக்டரம்மாவிடம் கேட்டேன், அந்தக் கொழுப்பு எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று.

‘தேங்காயிலேர்ந்துதான் தாத்தா. இல்லாட்டி செம்பனைக் கொட்டையிலேர்ந்து.’

‘தேங்காய்!’

‘பிரிச்சு எடுக்கணும். தேங்காயில ரெண்டு வகையும் கலந்திருக்கு. நீங்க பிரிக்காம குடுத்துட்டீங்க.’

ப.விடம் ஓடினேன். ‘கேட்டியா? தேங்காய்தான் மருந்து. தனம் சொன்னது சரிதான்.’

‘அக்கா சொன்னது சரி. நீ வச்சதுதான் தப்பு.’

இருக்கட்டும். பாதி ஜெயம் எனக்கு. எங்கள் லயத்தை இடித்துத்தான் செம்பனை, அந்த எண்ணெய்ப் பனை, நட்டார்கள். அந்தக் கொட்டை இவன் வயிற்றுக்குள் போய் வேலை செய்தால் இன்னும் ஒரு கால் ஜெயம்.

மிஸ்ஸிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோய் நீட்டினேன். தட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள்: ‘கோசோங்?’ வார்டே சிரித்தது.

ஜூலை 16, புதன்

கா. 25. மா. 20.

வெயில். ப. எழுந்து நடந்தான். கக்கூஸ் வரை போய்த் திரும்பினான். ‘ஒரு நிரை முடிச்சுட்டேன்’ என்றான், மரம் வெட்டி முடித்த மாதிரி.

இன்னொரு சேதி. நேற்றிலிருந்து ஒரே ஒரு முறைதான் வெளிக்குப் போனானாம். கெட்டியாக. முப்பது வருஷத்தில் முதல் தடவை. அவனே என்னைக் கூப்பிட்டுச் சொன்னான், மகள் பரீட்சையில் தேறினதைச் சொல்கிற குரலில்.

சீனக் கிழவர் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது மூக்கை உறிஞ்சிக் காட்டினார்.

பூனைக் குட்டிகள் மூன்று. கண் திறந்துவிட்டது.

ஜூலை 21, திங்கள்

நேற்று 10. இன்று கா. 5. ஐந்து!

பதினொன்றரைக்குக் குழாயை எடுத்தார்கள். டாக்டரம்மா ‘மூச்சை இழுங்க’ என்றாள், அவன் இழுப்பதற்குள் எடுத்துவிட்டாள். ப. குனிந்து அந்தத் துளையைப் பார்த்தான்.

‘பட்டையைத் தாண்டாம நேரா வெட்டியிருக்கான். மரம் காயப்படல.’

பால்வெட்டுக்காரன் கொடுக்கிற பெரிய பட்டம் அது. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னதும் தலை குனிந்து வாங்கிக்கொண்டாள்.

வியாழன் வீடு. குடல் மறுபடி வீங்காமலிருக்க ஊசி தொடரணும். கொழுப்பில்லாச் சாப்பாடு இன்னும் சில வாரம். டுரியான் கூடாது. ‘அதுக்குள்ள சீசன் முடிஞ்சிடுமே டாக்டர்’ என்றான் ப. ‘அதனாலதான் சொல்றேன்’ என்றாள்.

ஜூலை 24, வியாழன்

மழை இல்லை. நல்ல வெயில். லிஃப்ட் ஓடவில்லை.

நான்கு மாடி. ஜொகூரிலிருந்து வந்த கலா வீட்டுக்காரரும் கீழ்வீட்டு மலாய்க்காரரும் அவர் தம்பியும் பிளாஸ்டிக் நாற்காலியில் ப.வை உட்கார வைத்துத் தூக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து ஆள் வந்து நின்றது. யாரோ கை தட்டினார்கள். ப. தேர் அச்சு ஒடிந்த சாமி மாதிரி ரெண்டு பக்கமும் பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டே வந்தான். நான் முன்னால் மருந்துப் பையோடு. எனக்கு மேளம் ஒன்றுதான் குறை.

வீட்டுக்குள் வந்ததும் சுற்றிப் பார்த்தான். ‘கூட்டவே இல்லியா?’ என்றான். ஆள் சரியாகிவிட்டான்.

எண்ணெய் விடாத ரசம் வைத்தேன். குடித்தான். குறை சொன்னான். கலா பாத்திரம் கழுவினாள்.

‘மச்சான், உனக்கு ஞாபகம் எப்படி இருக்குன்னு பாக்கறேன். லயத்துக்குப் பெரட்டு எடு. ஒண்ணாம் வீட்டிலேர்ந்து.’ பெரட்டு என்றால் விடிகாலையில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. கங்காணி செய்தது. ‘நோட்டுலயும் எழுது, அப்புறம் மாத்திச் சொல்லக் கூடாது.’

சொல்லிக்கொண்டே எழுதுகிறேன்.

ஒண்ணாம் வீடு. கங்காணி ஆறுமுகம். இல்லை. அவர் குடையும் இல்லை.

ரெண்டு. காளியம்மாவும் மகன் ராஜுவும். ராஜு லாரியில் போனான், காளியம்மா அந்த ஏக்கத்தில்.

மூணு. முனியாண்டி. பாம்பு.

நாலு. பெரியதாயி. ஈப்போவில் பேத்தி வீட்டில், பல் ஒன்றுகூட விழாமல் போனாள்.

அஞ்சு. அப்பா, அம்மா, அண்ணன். இல்லை. நான் எண்ணுகிறவன், என்னைச் சேர்க்கக் கூடாது.

ஆறு. காலி வீடு.

‘பொய்!’ என்று ஒரு கத்தல். ‘ஆறுல கள்ளுக்கடை வேலாயுதம் மூணு மாசம் இருந்தான். புல்லாங்குழல் ஊதுவான், மறந்துட்டியா?’

மறந்தே போயிருந்தேன். கேட்கிறது, இப்போது கேட்கிறது, அந்தப் புல்லாங்குழல். வேலாயுதம். பினாங்கில் போனான். எழுதிக்கொண்டேன். எழுபத்தாறு வயசில் ஒரு ஆள் எனக்குத் திரும்பக் கிடைத்தான்.

ஏழு. சுப்பையா, அவர் சம்சாரம். ரெண்டு பேரும் ஒரே மாசம்.

எட்டு. சேவல் வளர்த்த ராமாயி. கொரோனா.

ஒன்பது. தபலா கிருஷ்ணன். இல்லை.

பத்து. மூன்று சகோதரர்கள். மூத்தவன் போன தீபாவளிக்கு, மற்ற ரெண்டும் அதற்கு முன்னே.

பதினொண்ணு. அஞ்சலை. போன மாசம் கார்டு வந்தது, கருமாதிக் கார்டு.

பன்னிரண்டு. என் மாமனார். அவர் சம்சாரம். தனம். இல்லை, இல்லை, இல்லை.

பன்னிரண்டில் இன்னும் ஒரு பெயர். சமையலறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று தண்ணீர் குடிக்கிறான். ‘ஏன்யா நிறுத்திட்டே, கூப்பிடு’ என்கிறான்.

பச்சையப்பன்.